ஏழாம் வகுப்புப் பரீட்சை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். மலாக்காவில், பண்டார் ஹிலிரிலிருந்து காஜா பேராங் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் வளர்ந்த மகளும்.

"இங்கிலீஷ்ல சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் பாஸ் பண்ணிட்டு, ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போறேங்கிறியே," என்றார் தாய். நான் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"தமிழ் ஏழாம் வகுப்பும்மா. அது இல்லாம தமிழ்ப் பள்ளிக்கூடத்துல டீச்சராக முடியாது."

"இங்கிலீஷ் ஸ்கூல்லதான் கூப்பிடுறாங்களே. சின்னப் பிள்ளைங்களோட பெஞ்சுல உக்காரணுமா?"

"உக்காருறேன்."

"உனக்கு எதுக்கு இப்ப தமிழ்?"

மகள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "மாமா செத்த கடுதாசி ஊர்ல இருந்து வந்தப்ப யாரும்மா வாசிச்சா?"

"பக்கத்து வீட்டுச் செல்வி."

"மூணாம் வகுப்புப் பிள்ளை. 'உன் அண்ணன்'னு எழுத்துக் கூட்டி வாசிச்சவ, அடுத்த சொல்லுல நின்னுட்டு என்னைப் பார்த்தா. எனக்கும் வாசிக்கத் தெரியலை. நீங்க 'அண்ணனுக்கு என்ன, அண்ணனுக்கு என்ன'ன்னு கேட்டுக்கிட்டே நின்னீங்க."

காஜா பேராங்கில் இறங்க எழுந்தபோது தாய் கேட்டார்.

"அந்தப் பரீட்சைக்குப் பேர் குடுக்க என்னைக்குக் கடைசி நாள்?"