கறைக் கண்காட்சி

– கதவு தொறந்து கெடந்துச்சு மதி, அதான் உள்ள போனேன். நாளைக்கு உன் கப்புக் கண்காட்சி, மெட்ராஸ்லேருந்து பரீட்சைக்கு ஆளு வர்றாருன்னு தெருவே பேசுது. கப்பெல்லாம் அழுக்கேறிக் கெடக்குது. பீங்கான் செய்யறதா, பிஎச்டி எழுதறதான்னு நீயும் ஒத்த ஆளா அல்லாடுற. அதான் ப்ளீச்சிங் பவுடர்ல ஊற வெச்சு, பளிச்சுன்னு தேய்ச்சுக் கவுத்துட்டேன்.

– எந்தக் கப்பு, ஃப்ளோரா அக்கா?

– அலமாரில இருந்தது பூராவும்.

– அக்கா, அந்தக் கறைதான் என் ஆராய்ச்சி.

– கறைக்கெல்லாமா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?

– உள்பக்கம் மெருகு பூசாம நானே சுட்டது அதெல்லாம். வூட்டுக்கு ஒண்ணு குடுத்து, ஒரு வருஷம் இதுலயே குடிங்க, தேய்க்காம அலசி மட்டும் வைங்கன்னு சொன்னேன்ல. மண்ணு உறிஞ்சின கறைதான் ஓவியம். அதப் பத்தித்தான் ஆய்வேடே எழுதியிருக்கேன். கப்பையும் பாத்து, எழுதினதையும் படிச்சாதான் பட்டம். நாளைக்கு வெள்ளக் கப்ப நீட்டுனா அவரு என்ன சொல்வாரு?

– சுத்தமான பொண்ணுன்னு சொல்வாரு.

– அக்கா.

– சரி சரி. அடுத்தவங்க கத நமக்கெதுக்கு, ஆனா ஒவ்வொண்ணு கீழயும் பேரு எழுதி அட்டை வெச்சிருக்கியே, அது நியாயமா? பச்சமுத்து அண்ணன் கப்புல டீ வாசமே இல்ல, வேற வாசம். சர்க்கரைக்குப் பயந்து தெனம் ஜங்ஷன் வரைக்கும் நடக்கற பெரியம்மா கப்புல வெல்லப் பாயசக் கறை. பூங்கோதை டீச்சர் கப்புல ரெண்டு கலர்ல உதட்டுச் சாயம். நமக்கெதுக்கு.

– ஒண்ணுகூடவா மிஞ்சல?

– ஒண்ணு இருக்குது. தேங்கா நாரு போட்டேன், புளி போட்டேன், அசையல. எங்க வூட்ல அரிசி டின்னு பின்னால வெச்சிருக்கேன்.

– அப்பாடா. எடுத்தாங்கக்கா. சுத்தி எல்லாம் வெள்ள, நடுவுல அது மட்டும் கறையோட. ஒரு வருஷக் கறைய ஒரே மத்தியானத்துல ஒரு தெரு எப்படி அழிச்சுதுன்னு புதுசா ஒரு அத்தியாயமே எழுதிடுவேன். நானா யோசிச்சாகூட இவ்வளவு நல்லா வந்திருக்காது.

– அது மட்டும் வேணாம் மதி.

– ஏன், யாரு வூட்டுக் கப்பு?

– எங்க வூட்டுது. அதத் தேய்க்கத்தான் உள்ளயே போனேன், ஒண்ண மட்டும் தேய்ச்சா சந்தேகம் வரும்னுதான் எல்லாத்தையும் தேய்ச்சேன். எம் மவன் ஜூடுக்குப் பொண்ணு அமையற வரைக்கும் காப்பி தொட மாட்டேன்னு நான் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டது, நாளைக்கு ரிப்பன் வெட்ட வர்ற ஃபாதருக்கு நல்லாத் தெரியும் மதி.