தலைக்கு வந்த பந்து

எங்கள் பேஸ்பால் வீடியோ கேமைப் பிள்ளைகள் மட்டுமில்லை, என் பல் டாக்டர்கூட விளையாடுகிறார். பந்து எறிவதும் அடிப்பதும் அசல் மைதானம் போலவே இருக்கிறதாம். சந்தோஷம். அந்த அசைவுகளைக் கணினியில் உருவாக்கியவன் நான்தான்.

அதில் குறை கண்டுபிடித்தவள் என் மனைவி. கல்லூரி அணியில் மட்டை பிடித்தவள். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, என் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கி, வேண்டுமென்றே மட்டையாளனின் தலைக்கே எறிவாள்.

“உங்க ஆளப் பாருங்க, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான். நெஜமா மூஞ்சிக்குப் பந்து வந்தா ஒடம்பு தானா ஒதுங்கும்.”

நியாயமான பேச்சு. ஞாயிற்றுக்கிழமை அவளையே ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனேன். நாங்கள் இருவர்தான். உடம்பெங்கும் சிறு வெள்ளைக் குண்டுகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து அசைவைப் பதிவு செய்வோம். பந்து எறியும் இயந்திரத்தில் ஸ்பாஞ்சுப் பந்துகளைத்தான் போடுவோம். அதுதான் சிக்கல். ஸ்பாஞ்சு என்று தெரிந்தால் உடம்பு ஒதுங்காது, நடிக்கும். நடிப்பு திரையில் பல்லிளித்துவிடும்.

ஹெல்மெட் முகத்தை மறைக்கிறது என்று கழற்றச் சொன்னேன். துணித்தொப்பி போட்டுக்கொண்டாள்.

ஒரு நிஜப் பந்து தவறிக் கலந்துவிட்டதாக உங்கள் போலீஸ் அறிக்கையில் இருக்கிறது. கலக்கவில்லை சார், நான் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அது எப்படி அசல் ஆகும்?

அருமையாக ஒதுங்கினாள். பந்து தொப்பியைத் தட்டிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அந்தச் சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படியோ கலந்துவிட்டது என்றேன்.

“தலைக்கு வந்தது தொப்பியோட போச்சு,” என்று சிரித்தாள். “எம்பேர்ல இன்சூரன்ஸ் ஏதும் போட்டு வெச்சிருக்கீங்களா?”

நானும் சிரித்தேன். பிறகு கணினியைப் பார்த்தேன். கேமராக்களை ஓடவிட மறந்திருந்தேன்.

மீதிப் பந்துகளை அவள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினேன். எல்லாம் ஸ்பாஞ்சு. நம்பிப் போய் நின்றாள். இன்னொரு நிஜப் பந்து என் கோட்டுப் பையில் இருந்தது.

விபத்து என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். மாமனார் என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

வருத்தம் என்று கேட்டால் ஒன்று இருக்கிறது. இரண்டாவது முறை எல்லாக் கேமராக்களும் சரியாக ஓடின சார். அவள்தான் ஒதுங்கவே இல்லை.