கோல்னா துப்பாக்கியை விற்காத விவரம்

என் பெயர் ஜெனீவா ப்ளெட்சோ. வயது 54. கணவர் பெயர் ஹார்லன் ப்ளெட்சோ. மேற்கு வர்ஜீனியா மாநிலம், லிக்ஃபோர்க் ஊர், மில் தெரு 212ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். அதே தெருவில் ஆணி, பெயிண்ட், குழாய்ச் சாமான், தூண்டில், துப்பாக்கி விற்கும் கடையைப் பதினெட்டு வருடமாக நடத்தி வருகிறேன். துப்பாக்கி விற்பதற்கான உரிமம் என் பெயரில் உள்ளது. என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. ஆர்வில் டாக்கெட் என்பவர் கொடுத்த புகார் சம்பந்தமாக அழைத்ததன் பேரில் இன்று, அக்டோபர் 22ஆம் தேதி புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷெரீஃப் அலுவலகத்தில் ஆஜராகி, அதிகாரி ரேபர்ன் முன்னிலையில் இதைச் சொல்கிறேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், மதியத்துக்குள் கடையைத் திறக்க வேண்டும் என்றேன்.

மேற்படி ஆர்வில் டாக்கெட்டை எனக்குப் பல வருடமாகத் தெரியும். வயது 71. நாற்பது வருடத்துக்கு மேல் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாவட்டத்தில் பாதி வேலிகள் அவர் காட்டிய இடத்தில்தான் நிற்கின்றன. அவர் மனைவி நடீனுக்கு நினைவு மங்கிப்போய், கடந்த ஜூன் மாதம் முதல் அவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு ஆர்வில் மலைமேல் உள்ள வீட்டில் தனியாக இருந்து வருகிறார்.

ஆகஸ்ட் 30ஆம் தேதி சனிக்கிழமை அவர் என் கடைக்கு வந்து, மேட்டுப் பக்கத்து வீடுகளில் செம்புக் குழாய் திருடுகிறார்கள், தனியாக இருப்பதால் ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்று கேட்டார். எல்லாரும் வாங்குவதை எடுத்துக் காட்டினேன். அதை விட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டியின் மூலையில் கிடந்த கோல்னாவைக் காட்டச் சொன்னார். அது ஐரோப்பாவில் ஏதோ ஒரு சிறிய ஊரில் செய்யப்படும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி. அதை வைத்திருப்பவர் இந்த மாவட்டத்தில் யாரும் எனக்குத் தெரியாது. மொத்த வியாபாரி ஒருவர் தூண்டில் கம்பிகளோடு சேர்த்து என் தலையில் கட்டியது. ஆர்வில் அதைக் கையில் வாங்கி, சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து, மேலும் கீழும் அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று தொடங்கித் தொடர்ந்து ஏழு சனிக்கிழமை வந்தார். ஸ்பிரிங் போனால் யார் மாற்றித் தருவார்கள் என்று ஒரு வாரம் கேட்டார். தோட்டா போடும் மேகசின் தனியாகக் கிடைக்குமா, கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று மறு வாரம் கேட்டார். அந்தக் கம்பெனி இன்னும் பத்து வருடம் இருக்குமா என்று கேட்டார். நான் எப்படிச் சொல்ல முடியும்? பிரபலமானதை வாங்கினால் உறை முதல் திருகாணி வரை எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும், இதை எதற்குப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்றேன். அதற்கு அவர், "எல்லாரும் வாங்கறாங்கங்கறது ஒரு காரணமா ஜெனீவா? எல்லாருந்தான் வேலியைத் தப்பாப் போட்டிருந்தாங்க" என்றார். நான்காவது வாரம் அவருடைய வண்டி தெருமுனையில் திரும்புவதைப் பார்த்து, பின்பக்கம் பெயிண்ட் அடுக்குக்குள் போய் நின்றுகொண்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவரிடம் எனக்குத் தனிப் பிரியம் இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் தொல்லை தாங்காமல் அந்தக் கூடுதல் மேகசினுக்கு நானே மூன்று முறை போன் செய்து, சண்டை போட்டு, வரவழைத்து வைத்தேன். அக்டோபர் 18ஆம் தேதி சனிக்கிழமை அவர் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நேற்று, 21ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 10.40 மணிக்கு வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. தொப்பியைக் கழற்றவில்லை. ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். கோல்னாவைக் கொடுக்கச் சொன்னார். ஒருவழியாகத் தொலைந்தது என்று நினைத்து, அரசாங்கப் படிவத்தை எடுத்து வைத்து, ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டேன். அவர் எழுத ஆரம்பித்தார். நான், மேகசின் வந்துவிட்டது, அதற்காக நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும் என்றேன். வேண்டாம் என்றார். உத்தரவாத அட்டையில் பெயர் எழுதட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். ஸ்பிரிங் மாற்றுகிற ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அதன் பிறகு மரப்பெட்டியில் என்ன என்று கேட்டேன். தியோடலைட் என்றார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வைத்திருந்த அளவைக் கருவி. ஒரு தடவை ஹார்லன் அதைத் தொட்டுப் பார்த்ததற்கே கையைத் துடைத்துக்கொண்டு தொடச் சொன்னவர். "ஹார்லன்கிட்ட குடுத்துடும்மா. அவனுக்கு இதெல்லாம் பிடிக்கும்" என்றார்.

நான் படிவத்தை அவர் கைக்குக் கீழிருந்து இழுத்துக்கொண்டேன். பேனா கோடு இழுத்துவிட்டது. அந்தக் கோடு படிவத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு அவரிடம், "ஆர்வில், உங்களை நீங்களே சுட்டுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். அவர், "அது அந்தப் படிவத்துல இருக்கற கேள்வி இல்லையேம்மா" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதனால் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அவர் கோபப்படவில்லை. நெடுஞ்சாலையில் உள்ள அடகுக் கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். காரில் இருபது நிமிடம். அந்தக் கடைக்கு நான் உடனே போன் செய்தேன். லைன் கிடைக்கவில்லை. அடகுக் கடைக்காரர் தன் அக்காவோடு போனில் கால்பந்துக் கதை பேச ஆரம்பித்தால் காலை முழுவதும் பேசுவார், ஊருக்கே தெரியும். மூன்று முறை போட்டேன். அதற்குள் ஆர்வில் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கேட்டுக் கையை நீட்டினார். அடையாளத்துக்கு அது இல்லாமல் யாரும் அவருக்குத் துப்பாக்கி விற்க முடியாது. நான் அதை என் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு வாசல் கதவைப் பூட்டி, சாவியையும் அதே பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்போது மணி 11.05. புகாரில் அவர் எழுதியிருக்கும் இந்த இரண்டும் உண்மை. அவரை நான் தொடவில்லை, மிரட்டவில்லை.

அவர் பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. "நீ செய்யறது சட்டப்படி தப்பு, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப நான் ஷெரீஃப் ஆபீசைக் கூப்பிடலாம்" என்றார். மேசைமேல் இருந்த போனை அவர் பக்கம் தள்ளி, "கூப்பிடுங்க. நம்பர் சுவத்துல ஒட்டியிருக்கு" என்றேன். அவர் போனைத் தொடவில்லை.

நான் ஏன் கூப்பிடவில்லை என்று அதிகாரி ரேபர்ன் கேட்டார். நான் கூப்பிட்டு நான்கு பேர் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனால், அவர் வாயே திறக்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது.

சுமார் 11.30 மணிக்குத் திருமதி டாலிவர் எலிப்பொறி வாங்க வந்து கதவைத் தட்டினார். மூடியாகிவிட்டது என்று கையைக் காட்டினேன். அவர், திறந்திருக்கிறது என்று எழுதித் தொங்கும் பலகையை விரலால் தட்டிக் காட்டினார். "உள்ள ஆள் உக்காந்திருக்காரு, விளக்கு எரியுது, எனக்கு மட்டும் கடை இல்லையா?" என்று கத்தினார். பலகையைத் திருப்பிப் போட்டேன். அப்போதும் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். ஆர்வில் முதல் தடவையாக லேசாகச் சிரித்தார் அல்லது இருமினார்.

அதன் பிறகு அவராகப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு இல்லத்துக்குப் போனாராம். நடீன் நல்ல நிறச் சட்டை போட்டு, தலை வாரி, பக்கத்து நாற்காலிப் பெண்ணோடு பேசிக்கொண்டு இருந்தாராம். இவரைப் பார்த்ததும் எழுந்து மரியாதையாக, "உக்காருங்க. வீட்டுக்காரர் இப்ப வந்துடுவாரு" என்றாராம். பிறகு அந்தப் பெண்ணிடம், "இவர் நிலம் அளக்க வர்றவரு" என்று அறிமுகம் செய்தாராம். ஆர்வில் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கணவர் வருவதற்காக நடீனோடு சேர்ந்து காத்திருந்தாராம். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று அதிகாரி கேட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த, உள்ளே இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டார். ரொட்டி காய்ந்துவிட்டது என்று குறை சொன்னார்.

அதன் பிறகு 1.25 மணிக்கு அவரே எழுந்து, சுவரில் இருந்த நம்பரைப் பார்த்து, ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தார். தன்னை ஒரு கடையில் அடைத்து வைத்திருப்பதாகவும், தன் உரிமத்தைப் பறித்துக்கொண்டதாகவும், கடையின் முகவரியையும் தெளிவாகச் சொன்னார். கடைசியாக, "யாராவது வந்தா நல்லா இருக்கும்" என்றார். அது என் காதில் விழுந்தது.

துணை ஷெரீஃப் காஸ்வெல் 1.40க்கு வந்தார். நான் கதவைத் திறந்து, உரிமத்தை அவர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் மரப்பெட்டியைத் திறந்து பார்த்ததில், கருவிக்கு மேல் ஷெரீஃப் பெயருக்கு ஒரு உறை இருந்தது. அதில் கடிதம் இல்லை. ஆர்வில் தன் வீட்டுக்குக் கையால் வரைந்த வரைபடம் இருந்தது. மண்சாலை எங்கே பிரிகிறது, மழை பெய்தால் எந்தப் பாலம் வழியாக வர வேண்டும், சமையலறைக் கதவு பூட்டியிருக்காது என்பதெல்லாம் அளவோடு குறித்திருந்தது. வடக்குத் திசைக்கு அம்புக்குறிகூடப் போட்டிருந்தது. தேதி நேற்றைய தேதி. காஸ்வெல் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆர்விலிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார். ஆர்வில் போய் வண்டியில் தானாக ஏறினார்.

ஆர்விலின் தங்கை கார்லிஸ் ஒஹையோவிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் உடன் இருப்பதாக இன்று காலை தெரிந்துகொண்டேன். புகாரை ஆர்வில் திரும்பப் பெறவில்லை என்றும் அதிகாரி சொன்னார். பெற வேண்டியதில்லை. அவர் சொல்வது அத்தனையும் சரி. அபராதமோ வேறெதுவோ, விதித்தால் ஏற்றுக்கொள்கிறேன். கடை உரிமத்துக்குப் பாதிப்பு வருமா என்று கேட்டதற்கு, அதிகாரி தெரியாது என்றார். அந்தக் கோல்னாவை நான் இனி யாருக்கும் விற்பதாக இல்லை, மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்பப் போகிறேன். அவரோடு அதற்கும் சண்டை போட வேண்டும்.

மேற்கண்ட வாக்குமூலத்தை அதிகாரி ரேபர்ன் எனக்குப் படித்துக் காட்டினார். அதில், "அவர்மீது கொண்ட இரக்கத்தினால் கதவைப் பூட்டினேன்" என்று அவராக ஒரு வரி சேர்த்திருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். "இருக்கட்டும் ஜெனீவா, நீதிபதி படிச்சா நல்லாருக்கும்" என்றார். நான் சொன்னதாவது: "எனக்கு இரக்கமெல்லாம் வரலை. கோவம்தான் வந்துச்சு. ஏழு வாரம் கேள்வி கேட்டே என் உயிரை எடுத்த மனுஷன், திடீர்னு வந்து, எனக்குக் கேக்க ஒண்ணுமில்லைன்னா, நான் சரின்னு பில் போட்டுக் குடுத்துடணுமா?"

அந்த வரி அடிக்கப்பட்டது. அடித்த இடத்தில் நானும் அதிகாரியும் சிறுகையெழுத்து இட்டுள்ளோம். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, நான் சொன்னதெல்லாம் நடந்தது, யாரும் வற்புறுத்தி நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) ஜெனீவா ப்ளெட்சோ