நகரத்திலேயே வழவழப்பான தெரு

…முதல் இடமாம் சார், முதல் இடம்! இந்த ஊர்ல இருக்கிற அத்தனை தெருவுலயும் எங்க தெருதான் வழவழன்னு இருக்காம். கம்ப்யூட்டர் சொல்லுது! எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு… இருங்க, இந்த வேன்காரன் வேற, இண்டிகேட்டர் போடாமயே நுழையறான். யோவ்! உனக்குன்னு தனி ரோடா போட்டிருக்கு? …ம், எங்க விட்டேன்?

ஆங், தெரு. ஸ்டேஷனுக்குப் போயிடலாம் சார், நாலே முக்கால் ட்ரெயினுக்கு நேரம் கெடக்கு. எங்க தெருவைத் தாண்டித்தான் போகணும், காட்டறேன். பதினேழு பள்ளம் சார். பேரே வச்சிருக்கோம். முதல்ல மாமனார் பள்ளம், எங்க மாமனார் சைக்கிளோட உள்ள போனது. அடுத்தது கவுன்சிலர் பள்ளம், எவ்வளவு எட்டிப் பாத்தாலும் அடி தெரியாது. அதுக்குப் பயந்தே வேற டாக்ஸி எதுவும் உள்ள வராது. நான் மட்டும்தான். இருபது வருஷ சர்வீஸ் சார், நான் வளைச்சு ஓட்டினா நீங்க பின்னாடி உக்காந்து காபி குடிக்கலாம்.

போன வருஷம் மாநகராட்சியில டாக்ஸிக்காரங்க எல்லாரையும் கூப்ட்டு ஆளுக்கு ஒரு டப்பா குடுத்தாங்க. சோப்பு டப்பா அளவு இருக்கும். வண்டில வச்சுக்கிட்டு பேசாம ஓட்டுங்க, வண்டி எங்கெங்க குலுங்குதோ டப்பாவே குறிச்சு அனுப்பிடும், அதிகமா குலுங்கற தெருவை வாராவாரம் கம்ப்யூட்டரே பொறுக்கி எடுத்து ரோடு போட ஆளனுப்பும், யார் கால்லயும் விழ வேணாம்னாங்க. கை தட்டினோம் சார்! நான்தான் முதல்ல தட்டினேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

ரோடு போட்டாங்களான்னா, போட்டாங்க. எங்க? பக்கத்துத் தெருவுல, எங்க நாத்தனார் தெருவுல! ரெண்டு தடவ! அவ வீட்டுக்காரரும் டாக்ஸிதான். குடுத்த டப்பாவ அவர் என்ன பண்ணார் தெரியுமா? டிக்கில ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னியோட தூக்கிப் போட்டார். லொடலொடன்னு உருளுது! கவர்மெண்ட் பொருளை வச்சுக்கிற லட்சணமா அது? அந்த ஆளுக்குப் பளபளன்னு ரோடு! இவ வாசல்ல நின்னுக்கிட்டு, "அண்ணி, எங்க தெரு வழியா வேணா சுத்திப் போங்களேன், வண்டி பாவம்"ங்கிறா. வயிறு எரியுது சார்.

ஆபீசுக்கும் போனேன். கவுண்டர்ல ஒரு பொண்ணு. ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டிச்சு, எங்க தெரு முழுக்கப் பச்சைக் கோடு. "வாழ்த்துகள் மேடம்"ங்குது! ஏம்மா, ஒருதரம் நேர்ல வந்து பாரும்மான்னேன். "நேர்ல பாக்கறத நிறுத்திட்டோம் மேடம், அதுல நிறைய தப்பு வருது"ன்னுச்சு. அடுத்த வாரமே தெருமுனையில 'மாதிரித் தெரு'ன்னு போர்டு நட்டாங்க. கம்பம் நடத் தோண்டினதை சரியா மூடல, அது பதினெட்டாவது பள்ளம்.

சிரிக்காதீங்க சார். எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கெடக்கார். வயித்துல ஆபரேஷன், பதினோரு தையல். அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க. வண்டி குலுங்கவே கூடாது, தையல் விட்டுடும்னு டாக்டர் கண்டிச்சு சொல்லிட்டார். பத்து நாள் மழையில பள்ளமெல்லாம் ஒண்ணா சேந்துடுச்சு, வளைக்க இடமே இல்ல, நானே தொம்மு தொம்முன்னு விழுந்து எந்திரிச்சுதான் போறேன். அப்பவும் பச்சைக் கோடுதான்! இந்த வாரக் கணக்கு இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. லிஸ்ட்ல வந்தா திங்கட்கிழமை ரோடு போட்டுடுவாங்க. வராது, எனக்குத் தெரியும். இவரு என்னடான்னா, முனையிலயே எறக்கி விடு, தவழ்ந்தாவது வந்துடறேங்கிறார். எனக்குப் பயமா இருக்கு சார். வாய்தான் இப்படி.

என்ன கேட்டீங்க? என் டப்பாவா? இருக்கே, உங்க காலுக்கு முன்னாடி, என் சீட்டுக்கு அடியில. நான் என்ன எங்க நாத்தனார் புருஷன் மாதிரியா? வாங்கின அன்னிக்கே எங்க வீட்டுக்காரரோட பழைய ஸ்வெட்டர்ல சுத்தி, மேல ஒண்ணு கீழ ஒண்ணு ஸ்பான்ச் வச்சு, தலகாணி உறைக்குள்ள போட்டுக் கட்டிட்டேன். உலகமே இடிஞ்சு விழுந்தாலும் அதுக்கு ஒரு குலுக்கல் தெரி…

…

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க.

அடக் கடவுளே… ஒரு வருஷம் சார்! ஒரு வருஷமா நானே அதைத் தாலாட்டித் தூங்க வச்சிருக்கேன்! ஐயோ, அந்தக் கவுண்டர் பொண்ண வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வந்தேனே!

மணி என்ன? மூணரையா? சார், அந்த உறைய எடுங்க. முடிச்சு வரலேன்னா பல்லால கடிங்க. வெறும் டப்பாவ அப்படியே கீழ வைங்க. இதோ, இந்த சிக்னல்ல இடது பக்கம் திரும்பினா எங்க தெரு. முப்பது ரவுண்டு அடிச்சுடலாம்! ட்ரெயின் நாளைக்கும் போகும் சார், எங்க வீட்டுக்காரருக்கு இருக்கிறது ஒரே வயிறு. காசெல்லாம் வேணாம், சும்மா உக்காருங்க போதும். நீங்க வாட்டசாட்டமா வேற இருக்கீங்க, வண்டி நல்லா விழும். கெட்டியாப் புடிச்சுக்குங்க…

சார்? சார், சிக்னல்ல எறங்கக் கூடாது சார்! சார்ர்! பெட்டி டிக்கில இருக்கு!

…அஞ்சு மணிக்கு மேல வந்து வாங்கிக்குங்க!