பல்லு வளருதுன்னு பயந்தவர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். சிமென்ட் ஆலைக்கு மதிய ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“மாப்ள, பல்லு வளருதுன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லடா.”

“இந்த வயசுல எங்கடா பல்லு வளரும்?”

“நீளமாத் தெரிஞ்சுச்சுடா. தண்ணி பட்டாலே கூச்சம். எல்லாத்தையும் புடுங்கிருவாங்கன்னு டாக்டருகிட்ட போகவே இல்ல. இன்னைக்குக் காலையிலதான் எங்க வூட்ல திட்டி அனுப்பிவுட்டா.”

“என்ன சொன்னாரு?”

“பல்லு வளரலயாம், ஈறுதான் தேஞ்சு வெலகியிருக்காம். ஒரு பல்லும் புடுங்க வேணாமாம். எதப் போட்டுத் தேய்க்கறீங்கன்னாரு. சிமென்ட் தூசி போவட்டும்னு, வேலை விட்டு வந்ததும் கரித்தூளும் கல்லுப்பும் போட்டு அழுத்தித் தேய்ப்பேன்னேன். தலையில கைய வெச்சுக்கிட்டாரு.”

சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்ப தூசிக்கு?”

“வெதுவெதுன்னு உப்புத்தண்ணி வெச்சுக் கொப்புளிச்சாப் போதுமாம். மெத்துன்னு ஒரு பிரஷ், மெதுவாத் தேய்க்கணும். போன ஈறு திரும்பி வராதாம். ஆனா இப்படிப் பாத்துக்கிட்டா இதோட நின்னுக்குமாம். எனக்கு அது போதும்டா.”

பக்கத்தில் இருந்தவர் செல்போன் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“டேய், அந்தக் கரித்தூள எனக்குக் கத்துக் குடுத்ததே நீதானடா?”

“அதான் வூட்டுக்குக்கூட போன் பண்ணாம மொதல்ல உன்கிட்ட சொல்றேன். இன்னைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு போயி தேய்ச்சுத் தொலச்சிடாத.”