சத்தத்தோட இருக்குற ஆல்பம்

சாரிக்கா, ஒட்டுக் கேக்கணும்னு கேக்கல. லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல இவ்ளோ நெருக்கி உக்காந்தா காதுல விழாம எப்படி? பழசுதான்டி நல்லா இருந்துச்சு, அந்த உர்ர்ருனு சத்தத்தை ஏன்தான் எடுத்தாங்களோன்னு இப்ப போன்ல சொன்னீங்கல்ல? ‌‌ஏரிக்கரை மூணாவது தெரு, அந்த ஆல்பம்தானே? ஸ்கிரீன்ல கவரைப் பாத்தேன். அதுல இருக்கற பச்சை கேட்டு எங்க வீட்டு கேட்டு.

ஆமாக்கா. ஜெர்சன் என் அண்ணன்.

ஐயோ, நீங்க வேற. எனக்குப் பாட்டெல்லாம் வராது. பேச்சே வராது. ஆஃபீஸ்ல பக்கத்து சீட் ஸ்நேகாகிட்ட பென் கேக்கறதுக்கே ரெண்டு தடவ மனசுக்குள்ள சொல்லிப் பாத்துப்பேன். இப்பக்கூட சானடோரியம் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு குரோம்பேட்டை வரைக்கும், கேக்கலாமா வேணாமான்னு உக்காந்திருந்தேன். உங்ககிட்ட அந்தப் பழைய வெர்ஷன் இருக்காக்கா? டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கீங்களா?

அப்பாடா. இருங்க, எதுக்குன்னு சொல்றேன்.

அது வீட்லயே ரெக்கார்ட் பண்ணதுக்கா. ஸ்டுடியோவுக்குப் போற வசதியெல்லாம் இல்ல. எங்க ரூம்தான் ஸ்டுடியோ. ஜன்னல்ல போர்வை, கதவுல மெத்தை. வெளிய கைப்பிடியில ஒரு செவப்பு டவல் தொங்கவிடுவான். டவல் தொங்கினா வீட்ல யாரும் மூச்சு விடக்கூடாது. ஃபேன் ஆஃப், ஃப்ரிட்ஜ் ஆஃப், குக்கரை அம்மா விசில் வர்றதுக்கு முன்னாடியே இறக்கிடுவாங்க. தலைக்கு மேல ஏர்போர்ஸ் பிளேன் போனா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. திட்டிட்டு மறுபடி மொதல்லருந்து பாடுவான்.

ஒண்ணை மட்டும் நிறுத்தச் சொல்ல முடியாது. அப்பாவோட ஆக்சிஜன் மெஷின். நுரையீரல் கெட்டியாகிட்டே வர்ற வியாதிக்கா அவருக்கு. மூக்குல ட்யூபோட பக்கத்து ரூம்லதான் இருப்பாரு. நீங்க கேட்ட உர்ர்ரு அதுதான்.

ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க? பரவால்ல, சொல்லுங்க. இல்ல, நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலியே. புடிச்சிருந்துச்சுன்னுதானே சொன்னீங்க.

ஆல்பம் வந்ததும் ஒரு வெப்சைட்ல விமர்சனம் எழுதினாங்க. வரிகள் உண்மையா இருக்கு, குரல் நல்லா இருக்கு, ஆனா ஒன்பது பாட்டுலயும் பின்னாடி யாரோ ஃப்ரிட்ஜை ஓடவிட்டிருக்காங்கன்னு. அவ்ளோதான், அதையே புடிச்சுக்கிட்டாங்க எல்லாரும். ஃப்ரிட்ஜ் பாடகர்னு கமென்ட்டு. ஒருத்தன் ஃப்ரிட்ஜுக்கு மைக் வெச்ச மாதிரி படமே போட்டான். ஜெர்சன் ரெண்டு நாள் சாப்பிடல. அப்பாகிட்ட யாரும் சொல்லல, ஆனா அவரு போன்ல எல்லாத்தையும் படிப்பாரு. சாப்பிடும்போது அவரே ஆரம்பிச்சாரு. டேய், அந்த ஃப்ரிட்ஜ் நான்தான்டான்னு. சொல்லிட்டு சிரிச்சாரு, சிரிச்சா இருமல் வந்துடும், அம்மா முதுகைத் தடவி விட்டாங்க. ஜெர்சன் மட்டும் தட்டைப் பாத்துட்டே இருந்தான்.

அப்பாவும் பாடறவருதான்க்கா. இருபது வருஷத்துக்கு மேல சர்ச் கொயர்ல பேஸ், அதான் அடிக்குரல். ஐசக் சார் நின்னா பின்வரிசைக்கு மைக்கே வேணாம்னு அப்பாவைச் சொல்லுவாங்க. ட்யூப் வந்ததுக்கு அப்புறம் ஒரு வரி முழுசா பாட முடியாது. ஆனா கிறிஸ்மஸ் பாட்டெல்லாம் படுத்துக்கிட்டே வாயை மட்டும் அசைப்பாரு.

அப்புறம் ஜெர்சன் எல்லாப் பாட்டையும் திரும்பப் பாடினான். இன்னொரு மெத்தை வாங்கி, ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்கற கதவுல சாத்திக் கட்டினான். போட்டுக் கேட்டா, அந்தச் சத்தமே இல்ல. சுத்தமா இல்ல. வீடு முழுக்க ஓடறான், பாத்தியா, மெத்தைதான் மெத்தைதான்னு. நானும் நம்பினேன். நான் அந்த நேரத்துல ஆஃபீஸ்ல இருப்பேனே.

பழசை எடுத்துட்டு புதுசைப் போட்டான். அதே வெப்சைட்ல அதே ஆளு மறுபடி எழுதினாரு. இப்பதான் இந்த ஆல்பம் மூச்சு விடுதுன்னு. அப்பா அதை எங்களுக்கெல்லாம் சத்தமா படிச்சுக் காட்டினாரு, நடுவுல நடுவுல நிறுத்தி நிறுத்தி.

ஆகஸ்ட்ல போயிட்டாருக்கா.

தேங்க்ஸ்க்கா. இல்ல, தண்ணி வேணாம்.

நினைவு ஜெபம் வெச்சப்போ, மெர்வின்னு எங்க அத்தை பையன், எல்லாரும் கேக்கட்டுமேன்னு ஸ்பீக்கர்ல புது ஆல்பத்தைப் போட்டான். ரெண்டு வரிகூட வந்திருக்காது. அம்மா கிச்சன்லருந்து ஈரக் கையோட வந்து பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. துக்கம்னு விட்டுட்டாங்க எல்லாரும். ராத்திரி பாத்திரம் கழுவும்போது என்கிட்ட மட்டும் சொன்னாங்க. அந்தப் பாட்டை இந்த வீட்ல போடாதீங்கன்னு. போட்டா பழசைப் போடுங்க, அதுல அவரு இருக்காருன்னு.

அண்ணன்கிட்ட கேக்கலாம்தான். பழசு இருக்கற லேப்டாப்போட காட்டாங்குளத்தூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். கேட்டா, ஏன்னு கேப்பான்ல? புதுசுதானே நல்லா இருக்குன்னு கேப்பான்ல? அதுக்கு நான் என்ன சொல்றது? அதனாலதான் அப்பா போனாருன்னு நான் சொல்லலக்கா. டாக்டரும் சொல்லல. ஆனா அவனுக்குத் தெரியக்கூடாது.

மெத்தையால ஒண்ணும் ஆகலக்கா.

ரெண்டாவது தடவ பாடறதுக்கு டவல் தொங்கவிட்ட மொத நாளு, அம்மா அப்பாவோட ரூமுக்குள்ள போயிருக்காங்க. என்னமோ மாதிரி இருந்துச்சாம், சத்தம் இல்லாம. பாத்தா மெஷின் ஆஃப். அப்பா கட்டில்ல நிமிர்ந்து உக்காந்து, கைய அந்த சுவிட்ச் மேலயே வெச்சிருக்காரு. உதடெல்லாம் நீலமா இருக்கு. அந்தப் பக்கம் ஜெர்சன் பாடிட்டு இருக்கான். அம்மா ஓடிப்போய் போடப் போனா, அப்பா இன்னொரு கையால விரலை உதட்டு மேல வெச்சுக் காட்டினாராம்.

அம்மா அவரு பக்கத்துல உக்காந்து, பாட்டு முடியற வரைக்கும் முந்தானையால விசிறினாங்களாம், வளையல் சத்தம் வராம ஒரு கையால இன்னொரு கையைப் புடிச்சுக்கிட்டு.