மேவிஸுக்கு வாசித்துக் காட்டிய கடிதம்

செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்துக்கு இஞ்சி பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவது என் பொறுப்பு. மற்ற பிஸ்கட்டுகள் டீயில் நனைத்தால் பாதியிலேயே உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிடும். வந்தவர்களுக்கு அது ஒரு சங்கடம். இப்படிச் சின்ன விஷயங்களைக் கவனிக்கிறவள் நான். உன் அம்மா முதல் நாளே அதைச் சொல்லிப் பாராட்டினாள், டோனா.

நேற்று தொலைபேசியில் நீ கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. நீ அழுதுகொண்டிருந்தாய். அழுகிறவர்களிடம் எதையும் வரிசையாகச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். உன் அம்மா மேவிஸின் அலமாரி இழுப்பறையில் அந்த வங்கிக் கடிதம் உனக்குக் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அதை அங்கே வைத்தவள் நான். அது அவளுடைய கடிதம். அடுத்தவர் பொருளை எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது.

நீ சௌத்தாம்ப்டனில் இருந்தாய். இங்கே பார்ன்ஸ்லியில் அந்த இரண்டு வருடம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நோய் வந்தால், வேலை போனால் தவணையை நாங்கள் கட்டுகிறோம் என்று சொல்லி, கடன் வாங்க வந்தவர்கள் தலையில் வங்கிகள் கட்டிய காப்பீடு. பாதிப் பேருக்கு அது ஒருநாளும் உதவியிருக்காது. தவறாக விற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆகி, 2019 ஆகஸ்டோடு கெடு முடிகிறது என்று தொலைக்காட்சியில் ஓயாமல் சொன்னார்கள். வாங்கித் தருகிறோம் என்று ஆயிரம் கம்பெனிகள் கிளம்பி, வந்ததில் கால் பங்கைப் பிடுங்கிக்கொண்டன. நூலகத்தில் நாங்கள் சும்மா எழுதிக் கொடுத்தோம். வங்கியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேவிஸ் சுவரைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு, சுத்தி மட்டும்தான் தெரியும்" என்றாள். "உன்னப் பாத்தா ரெண்டு காது மட்டும் வருது. நல்ல காதுதான், தப்பா எடுத்துக்காத."

"முகம் தெரியாம இருக்கறதே நல்லது" என்றேன். சிரித்தாள்.

"இந்த போன்காரனுங்க தொல்லை தாங்கலடி. நேத்து ஒருத்தன், 'உங்களுக்கு ஆக்ஸிடெண்ட் ஆச்சா மேடம்?'ங்கறான். ஆச்சுப்பா, கல்யாணம்னு ஒரு ஆக்ஸிடெண்ட், அறுபத்தொண்ணுல, அதுக்கு எவ்வளவு தருவேன்னு கேட்டேன். வெச்சுட்டான்."

அவள் பணத்துக்காக வரவில்லை. இதை நீ நம்பவேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. "காசு வந்தா வாஷிங் மெஷின் மாத்துவேன், அது வேற" என்றாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்."

உன் அப்பா கதையைச் சொன்னாள். சுரங்கத்தை மூடியபிறகு கிளிஃப் மீன் வறுவல் விற்க ஒரு வேன் வாங்கியது, அதற்கு வங்கிக் கடன், கடனோடு காப்பீடு. அடுத்த குளிர்காலத்தில் மூச்சு விட முடியாமல் படுத்தார். காப்பீட்டைக் கேட்டபோது, நெஞ்சில் இருந்த நோயை மறைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஒன்றும் கிடையாது என்று கடிதம் வந்தது. வேன் போயிற்று, பிறகு வீடு போயிற்று.

"பேங்க் அம்மாகிட்ட எல்லாத்தயும் சொன்னேன் மேவிஸ், அவங்க எழுதிக்கிட்டாங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. நான் நம்பல. வேலை போன கடுதாசியவே ரெண்டு வாரம் கோட்டுப் பையில வெச்சுக்கிட்டு, சோத்து டப்பாவத் தூக்கிட்டு தினமும் கெளம்பிப் போன மனுஷன். அவர் சொன்னா யாரு நம்புவா? அப்புறம் கவுன்சில் குடுத்த வாடகை வீட்டுல பதினோரு மாசம் அவர்கூட நான் பேசல. சாப்பாடு இருக்கு, கதவச் சாத்து, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை டி.வி.யில குதிரைப் பந்தயம் ஓடிட்டு இருக்கு, நாற்காலியிலயே போயிட்டாரு. நான் அடுத்த ரூம்ல துணி மடிச்சுட்டு இருந்தேன்."

கல்லறைக் கல்லில் மேல்பாதியில் கிளிஃப் பெயர். கீழ்ப்பாதி காலி, அவளுக்காக விட்டது. இருபது வருடமாக அவள் அதில் முடிவெடுக்கவில்லை.

"அவர் சொன்னது நெசம்னா, மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டுட்டு அவர் பக்கத்துல போய்ப் படுத்துக்கறேன். பொய்யின்னா ஸ்கார்பரோவுல என் தங்கச்சி கல்லறை இருக்கு, அவ பக்கத்துல போறேன். எதுவானாலும் தெரிஞ்சுக்கிட்டுச் சாகணும், கண்ணு. தப்பு என் மேலன்னு வந்தாலும் பரவால்ல."

எந்தக் கிளை என்று கேட்டேன். சந்தைக்குப் பக்கத்தில் என்றாள். எந்த வருடம் என்று கேட்டேன். தொண்ணூற்றாறு, மே மாதம். அந்தக் கிளையில் அந்த வருடம் கடன் மேசையில் இரண்டு பேர்தான் இருந்தோம். மற்றவர் ஆண்.

உன் அப்பாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நகத்தைச் சுற்றிக் கரி. எத்தனை தேய்த்தாலும் சுரங்கக்காரர்களுக்கு அது போகாது.

"நெஞ்சுல கொஞ்சம் தூசி இருக்குதும்மா. டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு சொன்னாரு. அத எழுதணுமில்ல?"

"மாடிப்படி ஏறுவீங்களா?"

"ஏறுவேன். மெதுவா."

"அப்ப என்ன, நல்லாத்தான் இருக்கீங்க."

அவர் சொன்னதை என் குறிப்புத் தாளில் எழுதினேன். யார் என்ன சொன்னாலும் எழுதிவைப்பது என் வழக்கம். பிறகு விண்ணப்பத்தில், ஏற்கெனவே நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே, இல்லை என்ற கட்டத்தில் டிக் செய்தேன். உண்டு என்று போட்டால் காப்பீடு விற்க முடியாது. சுவரில் அட்டவணை மாட்டியிருந்தார்கள். வாரத்துக்கு யார் எத்தனை விற்றார் என்று மேலாளர் வண்ணப் பேனாவால் கோடு போடுவார். அதிகம் விற்றவருக்கு வெள்ளிக்கிழமை கிரீம் கேக். எனக்குக் கிரீம் அவ்வளவாகப் பிடிக்காது. கோடு குறைவாக இருந்தால் மேலாளர் எல்லார் முன்னாலும் உடம்பு சரியில்லையா பெரில் என்று கேட்பார். அது எனக்குப் பிடிக்காது.

காப்பீடு எடுத்தால் கடன் சீக்கிரம் கிடைக்கும் என்றும் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். கிளிஃப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எதிரில் இருப்பவரை நம்புவது ஒரு குற்றமில்லை.

அடுத்த வருடம் ஒருமுறை வந்தார். வரிசையில் நின்று என் மேசைக்கே வந்தார். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"அன்னிக்கு நீங்க ஒரு தாள்ல எழுதினீங்களேம்மா. நான் பாத்தேனே."

"அப்படித் தாள் எதுவும் இல்லையே, மிஸ்டர் ஓல்ராய்ட்."

"பணம்கூட வேணாம்மா. வீட்டுல அவ என்ன நம்ப மாட்டேங்கறா. ஒரு போன் போட்டு, ஆமா சொன்னாருன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்றேன். அது உண்மை. மூன்று பேர் நின்றார்கள்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஏன் நன்றி சொன்னார் என்று சிலசமயம் யோசித்திருக்கிறேன்.

ஆகவே, மேவிஸுக்கு நான் எழுதிய விண்ணப்பத்தில் குறை வைத்தேன் என்று மட்டும் நினைக்காதே. அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். கிளிஃப் சொந்தத் தொழில் செய்தவர் என்பதையும் அந்தக் காப்பீட்டில் அது சிக்கல் என்பதையும் நானே சேர்த்தேன். அவளுக்கு அது தெரிந்திருக்காது. எல்லாக் காகிதங்களையும் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும் என்றாள், அதையும் எழுதினேன். இருபத்திரண்டு வருடத்துக் காகிதத்தை யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

மார்ச்சில் பதில் வந்தது. உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். போனேன். நல்ல சட்டை போட்டு, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குப் போகிறவள் மாதிரி.

"பிரி" என்றாள். "கைய ஏன் துடைச்சுக்கற? வாசி."

கோரிக்கை ஏற்கப்பட்டது என்று முதல் பத்தி. வாசித்தேன். தொகையை வாசித்தேன். விசில் அடித்தாள். இரண்டாவது பத்தியை, அதில் இருக்கும் என் பெயரோடு, நீயே படித்திருக்கிறாய். 'எங்கள் பணியாளர் பி. ஹிஞ்ச்லிஃப் அன்று எழுதிய குறிப்பின்படி, உங்கள் கணவர் தம் நுரையீரல் நோயை வெளிப்படையாகத் தெரிவித்திருக்கிறார். விண்ணப்பத்தில் அது தவறாகப் பதியப்பட்டது. அதற்காக வருந்துகிறோம்.'

நான் வாசித்தது இது: 'உங்கள் கணவர் சொந்தத் தொழில் செய்தவர் என்பதால் இந்தக் காப்பீடு அவருக்குப் பொருந்தாது. உடல்நிலை பற்றிக் கேட்டபோது நோய் எதுவும் இல்லை என்று அவர் தெரிவித்ததாகப் பதிவு உள்ளது.'

பதிவு இருக்கத்தான் செய்தது. நான் செய்த பதிவு.

மேவிஸ் "இன்னொரு தடவ வாசி" என்றாள். வாசித்தேன். முதல் தடவை சொன்னதிலிருந்து ஒரு சொல் மாறவில்லை.

"யாரு கேட்டாங்கன்னு பேரு போட்டிருக்கானா?"

"இல்ல."

"சரி. அப்ப பொய்தான் சொல்லியிருக்காரு." சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். "இந்தக் காலர் கழுத்த அறுக்குது. டீ போடேன். இந்த வாட்டி கொஞ்சம் கலரா போடு, போன தடவ வெந்நி குடிச்ச மாதிரி இருந்துச்சு."

அன்று மாலைதான் உனக்குப் போன் செய்து ஸ்கார்பரோ என்று முடிவாகச் சொன்னாள்.

உன் அம்மா செய்ததையும் நீ எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு குற்றமும் செய்யாத மனிதனைப் பதினோரு மாதம் வாய் திறந்து பேசாமல் சாகவிட்டவள். எண்பது வயதில் அது தெரிந்து அவள் என்ன செய்வாள்? தெரிந்தே ஆகவேண்டும் என்று அவள் சொன்னாள்தான். மனிதர்கள் அப்படிச் சொல்வார்கள். நான் அவளைக் காப்பாற்றினேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பணம் ஒரு பென்னி குறையாமல் வந்தது. வாஷிங் மெஷினை நான்தான் கூடப் போய்ப் பார்த்து வாங்கினேன். அதற்குப்பின் இரண்டரை வருடம், வாரத்துக்கு நான்கு நாள் அவள் வீட்டில் இருந்தேன். கண்ணுக்கு மருந்து விட்டேன், திரைச்சீலை துவைத்தேன். நீ வருடத்துக்கு இரண்டு தடவை வந்தாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தை அவள் ஏழு தடவை வாசிக்கச் சொன்னாள். இழுப்பறையிலிருந்து அவளே எடுத்து நீட்டுவாள். ஏழு தடவையும் அதே சொற்கள். பிறகு அதைப் பார்க்காமலே சொல்ல வந்துவிட்டது. ஆனாலும் தாளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

என் பெயருக்காகச் செய்தேன் என்று நீ போனில் கத்தினாய். என் ஓய்வூதியத்தை யாரும் தொட முடியாது. வங்கி என்னைக் கூப்பிட்டுக் கேட்கவும் போவதில்லை. எனக்கு யாரிடமும் பயமில்லை. கதவைத் தட்டினால், "யாரு, பெரிலா? வாடி, உள்ள வா" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் மாறிவிட வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அவ்வளவுதான்.

இனி நீ கேட்காத ஒன்று. கேட்கவில்லை என்பதால் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

கடைசி வாரம், வியாழக்கிழமை மதியம், மருத்துவமனையில் உன் அம்மா தெளிவாக இருந்தாள். ஜன்னல் பக்கம் தலையணையை ஏற்றி வைக்கச் சொன்னாள்.

"பெரில், ஸ்கார்பரோ வேணாம்டி."

"ஏன்? அங்கதான் எல்லாம் பேசி வெச்சிருக்கே."

"கடல் காத்து எனக்கு எப்பவுமே ஒத்துக்காது. தங்கச்சியும் தொணதொணன்னு பேசுவா." இருமினாள். "விளையாட்டுக்குச் சொல்லல. பொய் சொன்னா சொல்லிட்டுப் போறாரு. யாருக்காகச் சொன்னாரு? எங்களுக்காகத்தான. வேன் வாங்கணும்னு ஒரு டிக் போட்டாரு. அதுக்குப் போயி நான் இவ்வளவு நாளா... மன்னிச்சுட்டேன்னு சொல்லு. கல்லுல கீழ என் பேரைப் போடச் சொல்லு. டோனாகிட்ட சொல்லிடறியா? மறந்துறப் போற, எழுதிக்க."

"எழுதிக்கறேன்" என்றேன்.

நீ சனிக்கிழமை வந்தபோது அவளுக்குப் பேச்சு நின்றிருந்தது. நடைவழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாய். வலி இல்லாமல் இருந்தாள் என்று சொன்னேன். அடக்கத்துக்கு ஸ்கார்பரோவுக்கு உன் காரிலேயே வந்தேன். மழை பெய்தது. நீ எனக்குக் குடை பிடித்தாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நிதானமாக யோசித்துப் பார், டோனா. உன் அப்பா பொய் சொல்லவே இல்லை. சொல்லாத பொய்க்கு ஒரு மன்னிப்பை நான் எப்படி உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பேன்? அது உண்மைக்கு மாறான செய்தி. அப்படி ஒன்றை வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.